ரி தாத்தா

என் பேத்தியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரோடு நான் விளையாடியது போதும். மூன்றெழுத்துப் பெயர். சமஸ்கிருதத்தில் கோணல் இல்லாதது, நேரானது என்று பொருள். நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அதன் முதல் எழுத்து மட்டும் போதும். தெலுங்கு அரிச்சுவடியில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ முடிந்ததும் ஏழாவதாக வரும் எழுத்து அது. தெலுங்குக்காரர்கள் அதை 'ரு' என்று உச்சரிப்பார்கள். நம்மில் பலர் 'ரி' என்போம். அவர்களுக்கு ருஷி, நமக்கு ரிஷி. வித்தியாசம் அவ்வளவுதான். உதட்டைக் குவித்தால் ரு, குவிக்காவிட்டால் ரி. நான் மூன்று வருஷம் உதட்டைக் குவிக்க மறுத்தேன்.

என்னால் முடியாமல் இல்லை. ரேணிகுண்டாவிலும் திருப்பதியிலும் ரயில்வே விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல் வருவதற்கு முன்னால், எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் என்று தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் சொன்ன குரல்களில் என் குரலும் ஒன்று. தபால் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தேன். உச்சரிப்பில் எனக்குக் கர்வம் உண்டு. நான் சொன்ன ஊர்ப் பெயரை இரண்டாம் தடவை கேட்க எந்தப் பயணியும் ஜன்னலுக்கு வந்ததில்லை என்று மனைவியிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

சித்தூரில் எங்கள் வீடு. ஒரே மகள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும்போது, கூட வேலை செய்த தெலுங்குப் பையனை விரும்பினாள். பையன் நல்லவன். கல்யாணம் செய்து வைத்தோம். திருப்பதியில் குடித்தனம். பையனுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும் அவர்களோடு இருக்கிறார். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபன் வண்டி போட்டு, பிறகு அதையே ஒரு சின்ன ஓட்டலாக ஆக்கியவர். இன்றும் காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பது அவர்தான். என்னை 'பாவகாரு' என்று கூப்பிடுவார். தெலுங்கில் சம்பந்திகள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் அவரைச் சம்பந்தி என்பேன். அதற்குமேல் எதுவும் வாயில் வரவில்லை. பொறாமை அப்போதே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகள், "மாமய்யா இதச் சொன்னாரு, மாமய்யா அதச் செஞ்சாரு" என்பாள். அவள் வாயில் என்னைக் கூப்பிடும் 'நைனா' என்ற சொல் குறைந்துபோனதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகள் உண்டானதும் நான் ஒரு பெயர் தேடி வைத்தேன். பெண்ணாக இருந்தால் வைக்க. நல்ல தமிழ்ப் பெயர். நடுவில் ழகரம் வரும். இரண்டு மாதம் அகராதியைப் புரட்டிக் கண்டெடுத்த பெயர். பெண் பிறந்ததும் மகளிடம் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அழகாத்தான் இருக்கு நைனா. ஆனா அவங்க வாயில நுழையாதே. மாமய்யா எப்படிக் கூப்பிடுவாரு, பாவம்."

"கத்துக்கட்டும்."

"இன்னா பேரு? எங்க, இன்னொருவாட்டி சொல்லுங்க" என்று மனைவி வந்தாள். சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வாழைப்பழம் வாயப்பயம், குழந்தை கொயந்த. என் ழகரம் அவள் வாயில் யகரமாகி விழுந்தது. இன்னொரு முறை முயன்றாள். மறுபடியும் ய.

மகள் சிரித்துவிட்டாள். "பாத்தியா நைனா, நம்ம ஊட்டுலயே வரல."

"எனுக்கே வரல, அவுங்களுக்கு எங்கேர்ந்து வரும்?" என்றாள் மனைவி. "படிச்ச மனுசன் நீங்க ஒருத்தர் கூப்புட ஒரு பேரா?"

நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை. பெயர் தள்ளுபடியானதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'மாமய்யா, பாவம்' என்றாளே, அந்தப் பாவம்தான் எனக்கு உறுத்தியது. எனக்காக அவள் யாரிடமும் பாவம் என்று சொன்னதாக நினைவில்லை.

நான்கு நாள் கழித்துச் சம்பந்தி போன் செய்தார். அவருக்குக் கடைத்தமிழ் நன்றாக வரும்.

"பாவகாரு, பாப்பாக்கு ஒரு பேரு கெடச்சிது."

அவர் கடைக்குச் சமஸ்கிருதம் படிக்கும் பிள்ளைகள் டிபன் சாப்பிட வருவார்களாம். தட்டை நீட்டும்போதே ஒவ்வொருவரையும் ஒரு பெயர் கேட்டிருக்கிறார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கியிருக்கிறார். முப்பது நாற்பது பெயர் சேர்ந்தபிறகு, ஒரு பெண் பிள்ளை இதைச் சொல்லிப் பொருளும் சொன்னாளாம்.

"அன்னிக்கு பூரா தோச ஊத்தறப்ப எல்லாம் அதையே சொல்லிக்கினு இருந்தேன் பாவகாரு, மறந்துடக் கூடாதுன்னு. தோச ரெண்டு கருகிப்போச்சி" என்று சிரித்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

நல்ல பெயர். கேட்டதும் எனக்கே பிடித்துவிட்டது. அதுதான் கொடுமை. இரண்டு மாதம் அகராதி பார்த்தவன் நான். சட்னி ஊற்றிக்கொண்டே இவர் என் பெயரைவிட நல்ல பெயரைப் பிடித்துவிட்டார். "எவ்ளோ புதுசா இருக்கு நைனா! யாருக்குமே இல்ல இந்தப் பேரு" என்றாள் மகள். நான் வைத்த பெயரும் திருப்பதி முழுக்கத் தேடினாலும் யாருக்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் பெயர் வைத்தோம். பிள்ளை பெற்ற வீடு என்பதால் எங்கள் கூடத்தில்தான். பித்தளைத் தட்டில் அரிசி பரப்பி, மோதிரத்தால் பெயரை எழுதுவது அவர்கள் வழக்கம். எழுதவேண்டியவர் குழந்தையின் அப்பா. மருமகன் மோதிரத்தைத் தன் அப்பாவிடமே கொடுத்துவிட்டான். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, தோசைக் கல்லில் மாவை இழுப்பதுபோல அரிசியில் சுழித்துச் சுழித்து அந்த முதல் எழுத்தை எழுதினார். சிக்கலான எழுத்து அது. பள்ளிக்கூடம் போன தெலுங்குப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். அவர் கடைசிச் சுழியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. நேரானது என்று பொருள்படும் பெயரைக் கோணலாக எழுதுகிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"ஏழு நாளா ஊட்ல அரிசில எழுதிப் பாத்தேன் பாவகாரு" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஸ்கூல்ல இந்த எழுத்துக்குத்தான் ஜாஸ்தி அடி வாங்கனேன்." பிறகு குழந்தையை என் பக்கம் நீட்டினார். "நீங்க படிச்சவரு. காதுல மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்பறம் நாங்க."

அவர் உரிமையை அவராகவே எனக்குக் கொடுத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கொடுக்கிற இடத்தில் அவர் இருக்கிறார், வாங்குகிற இடத்தில் நான்.

குழந்தையின் வலது காதில் வாயை வைத்தேன். மூன்று முறை சொல்லவேண்டும். ரி என்று தொடங்கி மூன்று முறையும் சொன்னேன். தவறி வரவில்லை. தெரிந்தே சொன்னேன். என் எழுத்து உங்கள் வாயில் நுழையாது என்றால் உங்கள் எழுத்தும் என் வாயில் நுழையாது. இருபத்தொரு நாள் குழந்தையின் காதில் நான் சொன்னது அவள் பெயரை அல்ல, என் கணக்கைத்தான்.

"சத்தமா ஒருவாட்டி கூப்புடு நைனா, வீடியோ எடுக்கறேன்" என்றாள் மகள்.

சத்தமாகவும் ரி என்றே கூப்பிட்டேன்.

"ரி இல்ல நைனா. ரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நொடி. அந்த நொடியில் சரியாகச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். மேல்வரிசை முன்பல் நான்குக்கு அப்போதுதான் செயற்கைப் பல் செட்டு போட்டிருந்தேன்.

"இந்தப் பல் செட்டு போட்டதுலேர்ந்து சில எழுத்து வழுக்குதும்மா" என்றேன். "நடுவுல வந்தா புடிச்சுக்குது. மொதல்ல வந்தா வழுக்குது. தமிழ்லயும் ரகரம் சொல்லுக்கு மொதல்ல வராது பாரு. நாக்கு அதுக்குப் பழகல."

எம்.ஏ. படிப்பு அன்று எனக்கு இதற்குப் பயன்பட்டது. நம்பிவிட்டார்கள். சம்பந்தியின் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வந்தது கவலை.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. எல்லோரும் போனபிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "ரயில்வேல அத்தினி ஊரு பேரும் சொன்ன வாயி, இந்தக் கொயந்த பேர சொல்ல வராதா?"

"வரல."

"ரூபான்னு சொல்றீங்களே, அது மொதல்ல வரல?"

அதன்பிறகு அவர்கள் எதிரில் ரூபாய் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். பொய்யைக் காப்பாற்றுவது பொய் சொல்வதைவிடப் பெரிய வேலை என்று அந்த வருஷங்களில் தெரிந்துகொண்டேன். ரூபாய் வரவேண்டிய இடத்தில் பணம் என்பேன். சம்பந்தி கடையில் அவர் கையால் சுட்ட பெசரட்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "எப்படி இருக்கு பாவகாரு?" என்று அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ருசியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நல்லாருக்கு என்பேன். நாற்பது வருஷமாக ஊருக்குச் சமைத்துப் போட்ட மனிதருக்கு ருசி என்ற ஒரு சொல்லை மூன்று வருஷம் நான் கொடுக்கவில்லை.

ஐந்தாம் மாதம் மகள் குழந்தையோடு திருப்பதிக்குப் போய்விட்டாள். தினமும் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்துக்குச் சம்பந்தி கடையிலிருந்து வந்துவிடுவாராம். அவர் தோளில் போட்டால்தான் தூங்குகிறதாம். தினம் காலையில் அவரே போன் போட்டு, குழந்தையின் முகத்தைக் காட்டி, "தாத்தா பாரு, சித்தூரு தாத்தா பாரு" என்பார். எனக்காகத்தான் செய்தார். எனக்கோ, தன்னிடம் இருப்பதைத் தினம் ஒருமுறை எடுத்துக் காட்டுகிறார் என்று தோன்றும். போனில் நான் ரி, ரி என்று கூப்பிடுவேன். குழந்தை திரும்பிப் பார்க்கும். அது போதும் எனக்கு. அவர் வீட்டில், அவர் கையில் இருக்கும்போதே, என் எழுத்துக்குத் திரும்புகிறது.

ஒரு நாள் அவர் சொன்னார், "நீங்க பஸ் ஏறி வாங்க பாவகாரு. இங்க எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டரு கீறாரு. செட்ட சரி பண்ணிடலாம்."

மறுக்க வழியில்லை. போனேன். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயசு. செட்டைக் கழற்றினார், விளக்குப் போட்டுப் பார்த்தார், மாட்டினார்.

"சார், பக்காவா உக்காந்திருக்கு. எங்க, ரு சொல்லுங்க."

"ரி."

"ரி இல்ல சார், ரு. உதட்டைக் குவிங்க."

"ரி" என்றேன்.

"ரி வருது, ரு வராதா? ரெண்டுக்கும் நாக்கு ஒரே எடத்துலதான சார் இருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செட்டுல ஒண்ணும் இல்ல" என்றார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சம்பந்தி மட்டும் உள்ளே நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் உயர்ந்ததும் அடங்கியதும் கேட்டது. என்ன பேசினார் என்று அன்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் சொன்னார், "பாவகாரு, இன்னும் பர்த் சர்ட்டிபிகேட்ல பேரு ஏத்தல. வருசம் முடியறதுக்குள்ள ஏத்தணும். இங்லீசுல எழுதறப்ப, நீங்க எப்பிடி கூப்புடறீங்களோ அப்பிடியே எழுதிடலாமா?"

எனக்குப் புரியவில்லை என்பதுபோலப் பார்த்தேன்.

"எதுக்குச் சொல்றேன்னா, நாள பின்ன பாப்பா ஸ்கூல் போவும். தாத்தா தப்பாச் சொல்றாருன்னு பிரெண்ட்ஸ் கிண்டல் பண்ணும். பெரியவரு உங்களுக்கு அது மரியாத இல்ல. நாங்க எல்லாரும் உங்க மாதிரி சொல்லிட்டா தப்பே இல்லல்ல?" என்று சிரித்தார். "ஒரு எழுத்துதான் பாவகாரு. அந்தாண்ட போனா இன்னா, இந்தாண்ட போனா இன்னா?"

ஏழு நாள் அரிசியில் எழுதிப் பார்த்த எழுத்து அது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வார்டு சச்சிவாலய அலுவலகத்தில் படிவம் வாங்கினோம். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. என்னிடம் பேனாவை நீட்டினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஆர் எழுதினேன். அடுத்து யூ வரவேண்டும். ஒரு கணம் பேனா நின்றது. பிறகு ஐ எழுதினேன். ஐயின் மேலே புள்ளியும் அழுத்தி வைத்தேன். வெற்றி பெற்றவனுக்கு இருக்கும் நிம்மதி எனக்கு வரவில்லை. அவர் விட்டுக்கொடுத்ததால் வந்த வெற்றியாயிற்றே. விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையும் அவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ரி என்றார்கள். அவர் சொல்லி வைத்தது. ஆனால் அவருக்குத்தான் பழக்கம் விடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போது அவர் வாயில் ருதான் வரும். பேச்சு வந்ததும் குழந்தை இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் அவளே பெயர் வைத்தாள். அவர் ரு தாத்தா. நான் ரி தாத்தா.

கேட்டவர்கள் எல்லாம் சிரித்து மகிழ்ந்தார்கள். எனக்கும் முதலில் பெருமையாக இருந்தது. உலகத்தில் எந்தத் தாத்தாவுக்கும் இல்லாத பெயர். ஆனால் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் அவள் "ரு தாத்தா" என்றுதான் அழுதாள். வீடு முழுக்க ரி என்று கூப்பிடும்போது ரி தாத்தா என்பதில் என்ன விசேஷம்? எல்லோரும் சொல்வதை நானும் சொல்கிறேன். அவர் ஒருவர்தான் வேறு மாதிரி சொல்கிறார். சட்டப்படி என் எழுத்து நின்றது. குழந்தையிடம் அவர் எழுத்து நின்றது.

இந்த வருஷம் உகாதிக்கு நானும் மனைவியும் திருப்பதிக்குப் போயிருந்தோம். பேத்திக்கு மூன்று வயசு தாண்டிவிட்டது. வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடி செய்திருந்தார் சம்பந்தி. மாங்காய்த் துண்டு செட்டுக்குள் போய் உறுத்தியதால் செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மருமகன் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தான். உகாதியன்று அதைச் சத்தமாகப் படிக்கவேண்டும், வீட்டில் எல்லோரும் கேட்கவேண்டும்.

"பாவகாரு படிக்கட்டும். ரேடியோ மாதிரி இருக்கும்" என்றார் சம்பந்தி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

குரலைப் புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. இன்றும் அப்படித்தான். புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஸ்டேஷனில் மைக்கைப் பிடித்தவன் குரலில் தொடங்கினேன். ஸகரம் வந்த இடத்தில் கொஞ்சம் காற்று போயிற்று. மற்றபடி தடையில்லை. வருஷத்தின் பெயர், அயனம், பிறகு பருவம்: வசந்த ருதுவு. உதட்டைக் குவித்து, ஒரு ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிறாற்போல, ருதுவு என்றேன்.

"ரி தாத்தா ரு சொன்னாரு!" என்று குழந்தை கத்தினாள். மடியிலிருந்து எழுந்து குதித்தாள். "ரி தாத்தாக்கு ரு வந்துடுச்சி!"

மகள் கைதட்டினாள். "அட ஆமா! நைனா, பல் செட்டு செட் ஆயிடுச்சா?"

"இன்னிக்கு என்னவோ சரியா உக்காந்திருக்கு" என்றேன்.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி, "செட்டு தம்ளர்ல ஊறிக்கினு கீது" என்றாள்.

வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்துவிட்டதா, நான் இதுவரை கேட்கவில்லை. மூன்று வருஷம் எனக்காகப் பேசாமல் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை. மகள் என் வாயைப் பார்த்தாள். முன்பல் இல்லாத வாய். பிறகு தம்ளரைப் பார்த்தாள். "நைனா..." என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிக் கூப்பிடவேண்டும் என்று நான் எவ்வளவோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

சம்பந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். நாங்கள் கிளம்பும் வரை உள்ளே வரவில்லை. செருப்பு மாட்டும்போதுதான் வந்தார்.

"அந்த டாக்டருகிட்ட நான் சண்ட போட்டேன் பாவகாரு" என்றார். குரல் உயரவில்லை. "பெரியவருக்குச் சரியா பாக்கத் தெரியல, நீ எல்லாம் இன்னா டாக்டருன்னு கேட்டேன். இன்னி வரைக்கும் அந்த வழியா போறப்ப மூஞ்ச திருப்பிக்கினு போறேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

பஸ் சந்திரகிரி தாண்டும்போது மனைவி, "இப்பனாச்சும் போயி அந்த எழுத்த மாத்திக் குடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தினம் காலையில் தன்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டுகிறார் என்று எரிச்சல்பட்டவன், இப்போது பல் விளக்கும்போதுகூடப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மகள் வாரம் ஒருமுறை பேசினாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். ஜூனில் பள்ளிக்கூடம். அதற்குள் எழுத்தைத் திருத்தாவிட்டால் பள்ளிக்கூடத்து ஏட்டில் ஏறி, அது காலத்துக்கும் நின்றுவிடும். மருமகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நானே சச்சிவாலயத்துக்குப் போனேன். எந்த மேஜையில் வைத்து ஐ எழுதினேனோ அதே மேஜை.

திருத்தம் கேட்டால் காரணம் எழுதவேண்டும். நான் தெலுங்கில் எழுதினேன்: படிவம் எழுதியவர் வேண்டுமென்றே தவறாக எழுதினார்.

அங்கிருந்த பெண் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "யாரு சார் எழுதினது?"

"நான்தாம்மா."

"எதுக்கு?"

என்ன சொல்வது? என் மகள் இன்னொருவரைப் பாவம் என்றாள், அதனால் என்றா?

"வேணும்னேன்னு எழுதாதீங்க சார், மேல கேள்வி கேப்பாங்க. பொரபாட்டுன்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க" என்றாள் கனிவாக.

பொரபாட்டு என்றால் தெலுங்கில் தெரியாமல் நேர்ந்த பிழை. அடித்துவிட்டுப் பொரபாட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருத்தப் போன இடத்திலும் ஒரு பொய். அந்தத் தாளில் எழுத முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அது பொரபாட்டு இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று போனேன். யாரும் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரத்தடியில் பெற்றவர்கள் நின்றார்கள். சம்பந்தி புது வேட்டி கட்டிக்கொண்டு, குழந்தையின் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான். மகளும் மருமகனும் பீஸ் கட்டும் வரிசையில் இருந்தார்கள். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பெயர் வந்த பிள்ளை உள்ளே போயிற்று. இவள் பெயர் வந்தது. ரு என்று, திருத்திய எழுத்தில், தெளிவாக.

குழந்தை நிமிரவே இல்லை. டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார்.

"போ கண்ணு, உன்னத்தான்" என்றார் சம்பந்தி.

"அது நீ கூப்புடற பேரு" என்றாள் அவள். "டீச்சருக்கு என் பேரு ரி."

மூன்று வயசுப் பிள்ளைக்குத் தன் பெயரே தெரியவில்லை. தாளில் எழுத்து மாறியும் வீட்டில் பழக்கம் மாறவில்லை; நான் காதில் சொன்ன ரிதான் அவளுக்குத் தெரியும். டீச்சர் பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மற்றத் தாய்மார்கள் திரும்பினார்கள். சம்பந்திக்கு முகம் சிவந்தது. அவர் எவ்வளவு கூப்பிட்டாலும் பயனில்லை. அவர் வாயில் ரு வருவது அவளுக்குச் செல்லம், பெயரல்ல. அவர் என் பக்கம் திரும்பினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"பாவகாரு, மீரே பிலவண்டி." நீங்களே கூப்பிடுங்கள்.

நான் குனிந்தேன். அவள் காதில் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி, உதட்டைக் குவித்து, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று எழுத்தும் சரியாக. மூன்று தடவை.

குழந்தை எறும்பை விட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயும் ருவா?"

"ஆமா கண்ணு. அதான் உன் பேரு. நான்தான் இத்தினி நாளா தப்பாச் சொன்னேன்."

"பல்லு சரியாயிடுச்சா?"

"பல்லு நல்லாத்தான் இருந்திச்சி."

அவள் அதை யோசித்தாள். அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. "ரெண்டு பேருமே ரு தாத்தான்னா, அப்ப நீ யாரு?"

அவள் கொடுத்த ஒரே பெயரும் போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. சம்பந்தி பாட்டிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "சித்தூரு தாத்தா" என்றார் அவர். "சரியா? சித்தூரு தாத்தா."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் டீச்சரிடம் ஓடினாள். வாசலில் திரும்பிக் கையை ஆட்டினாள். "ரு தாத்தா, டாட்டா!" பிறகு கொஞ்சம் யோசித்து, "சித்தூரு தாத்தா, டாட்டா!"

வெளியே வந்ததும் சம்பந்தி கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஒரு பெசரட்டு ஊற்றி என் முன்னால் வைத்தார். பழையபடி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த தோசைக்குப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்து, "ருசியா இருக்கு" என்றேன். கேட்டிருக்கும். மாவை இழுக்கும் கை கொஞ்சம் நின்றது. திரும்பவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. இப்போது தினமும் வருகிறது. "சித்தூரு தாத்தா பாரு" என்று அவர் குழந்தையின் முகத்தைக் காட்டுகிறார். பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிறேன். ரு தாத்தா என்ற பட்டம் அவரிடமே நின்றுவிட்டது, என்னிடம் வராது. அதைக் கேட்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.